காலையில் ஏழு வோல்ட்

காசிநாதன் ஒரு பொருளைச் சரி என்று சொல்லிவிட்டால் அது சரியாகத்தான் இருந்தாக வேண்டும். அப்புறமும் அது வேலை செய்யவில்லையென்றால் தப்பு பொருளில் இல்லை, வாங்கிப் போனவன் கையில். கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பதினெட்டு வருஷமாக ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் மைக்செட் ஆம்ப்ளிபயரும் பிரித்துப் பூட்டியவருக்கு அந்தத் தலைக்கனம் சும்மா வந்துவிடவில்லை. வேலை தெரிந்தவர்தான். ஆனால் வேலை தெரிந்தவன் தலைக்கனத்தை இறக்குவதற்கு ஒரு மலையே தேவைப்படுகிறது பாருங்கள், அதுதான் வேடிக்கை.

வெள்ளிமலைக்கு மேலே நெல்லிமேடு என்று ஓர் ஊர். அங்கே ஓர் அறக்கட்டளை சின்ன மருத்துவ நிலையம் ஒன்று நடத்திவந்தது. ஒரு நர்ஸ், நாலு கட்டில், ஒரு வயர்லெஸ் செட், அவ்வளவுதான். போன் கிடையாது. காலை ஏழு மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் அந்தச் செட்டில் கள்ளக்குறிச்சி ஆபீசோடு பேசுவார்கள். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் ஜீப்பை அனுப்பச் சொல்ல அது ஒன்றுதான் வழி.

போன ஐப்பசியிலிருந்து அந்தச் செட்டுக்கு ஒரு விசித்திர நோய். கீழே பேசுவது மேலே கணீரென்று கேட்கிறது, மேலே பேசுவது கீழே கேட்பதில்லை. அதுவும் எப்போதும் அப்படி இல்லை, சில நாள், சில வேளை மட்டும். மூன்று தடவை செட்டை பஸ்ஸில் ஏற்றிக் காசிநாதனிடம் கொண்டுவந்தார்கள். பேச்சை அலையாக்கி ஏரியலுக்கு ஏற்றிவிடுகிற போர்டு ஒன்று அதற்குள் இருக்கிறது. அந்த போர்டின் வாசலில் இருபத்திரண்டு வோல்ட் வந்தால் பத்து வாட் பலம், கள்ளக்குறிச்சிக்குத் தாராளமாக எட்டும். மூன்று தடவையும் அளந்தார், மூன்று தடவையும் முள் இருபத்திரண்டில் போய் நின்றது. மூன்று தடவையும் ஒரே வாசகத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்: செட்டில் குறை இல்லை, இயக்குபவரின் கைக்கோளாறு.

இயக்குபவர் என்றால் சடையன். மலைக்காரர். ஐந்தாவது வரை படித்தவர், நாற்பது வயதிருக்கும். நெல்லிமேட்டில் மாதச் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் அவர்தான். இந்த ஆனி மாதம் ஒரு காலையில் அவருடைய சித்தப்பா மகள் ஜெயம்மாளுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை சடையன் தொண்டை வறளக் கூப்பிட்டும் கீழே கேட்கவில்லை, ஜீப் வரவில்லை. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் மழையில் ஒரு பாறைக்கடியில் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் தப்பித்தது அவர்கள் அதிர்ஷ்டம். சடையன் எதையோ நோண்டி பெட்டியைக் கெடுத்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. காசிநாதன் எழுதிக் கொடுத்த வாசகமும் அதற்கு ஒத்துப்போனது.

அறக்கட்டளையின் மேனேஜர் தெய்வசிகாமணி ஒரு தாளை டைப் அடித்துக் காசிநாதனிடம் நீட்டினார்.

"நீங்களே ஒரு தபா மேல போய்ப் பாத்துட்டு வாங்க. அங்கயும் செட்டு நல்லா இருந்துதுன்னா இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. ஒண்ணாந்தேதியிலேர்ந்து அந்தாள நிறுத்திட்டு வேற ஆள் போட்டுக்கறோம்."

"அதுக்கு இன்னாத்துக்கு மேல போவணும். இங்கயே போட்டுத் தரேன்."

"மேல பாத்ததாதான் எழுதணும். முறைன்னு ஒண்ணு இருக்குதில்ல."

எண்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதக் கடைசி நாள் அது. மறுநாள் வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊரெல்லாம் பேச்சு. படிப்பிலும் வேலையிலும் இட ஒதுக்கீடு கேட்டுக் கிராமம் கிராமமாக ஆள் திரண்டுகொண்டிருந்தது. காசிநாதனின் மச்சினன் ராஜாங்கம் கச்சிராயபாளையத்துப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் பொறுப்பு. அவன் பஸ் ஸ்டாண்டிலேயே மாமனைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நாளைக்கு விடிஞ்சா ஒரு வண்டி ஓடாது. இப்பப் போய் மல ஏறுறியே."

"காலைல மொத பஸ்ல எறங்கிடுவேன்டா. ஒரு முள்ளப் பாக்கணும், ஒரு கையெழுத்து போடணும்."

"மொத பஸ்ஸா. அது வந்தா பாரு."

காசிநாதன் சிரித்துக்கொண்டே ஏறினார். கோமுகி அணையைத் தாண்டி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கருவிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் நன்றாகத் தூங்கிப்போனார்.

நெல்லிமேட்டுக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி, சுள்ளென்று வெயில். நர்ஸ் எழில்மதி வாசலுக்கே வந்துவிட்டாள். சின்னசேலத்துப் பெண், முப்பது வயது, வாய் கொஞ்சம் துடுக்கு. சடையன் சுவரோரமாக நின்றார். வணக்கம் சொன்னார்.

காசிநாதன் செட்டின் மூடியைக் கழற்றினார். ஏரியல் கம்பியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தானே ரெசிஸ்டர்களைக் கத்தையாகக் கட்டிச் செய்த ஒரு சுமையை மாட்டினார். ஏரியலுக்குப் போகிற பலத்தை இது வாங்கிக்கொள்ளும், எவ்வளவு வருகிறது என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளலாம். மைக்கில் இருந்த பித்தானை அழுத்தினார். முள் எழும்பி இருபத்திரண்டில் நின்றது.

"பாத்தியாய்யா," என்றார் சடையனைப் பார்த்து.

"இப்ப நல்லாதான் சார் இருக்கும்," என்றார் சடையன். "வெயில் அடிக்குதே. காலைல பனி மூட்டமா இருக்கும்போது பாருங்க, அப்பதான் கம்மியாவும். மழைக்காலத்துல நாளு பூராவும் கம்மி. சித்திரைல ஒரு நாளும் தகராறு பண்ணல. நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"மழைக்கும் ரேடியோவுக்கும் இன்னாய்யா சம்பந்தம். அது இன்னா நெல்லா, முளைக்கறதுக்கு."

எழில்மதி சிரிக்கவில்லை. "அவரு சொல்றத ஒரு தபா காலைல பாத்துட்டுதான் போங்களேன் சார்," என்றாள்.

"பாக்கறேன். அதான் ராத்திரி தங்குறேனே."

மறுநாள் காலை ஆறரைக்குக் கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, வேலி இல்லை, எதிரே இருந்த குழாயடியும் இல்லை. எல்லாவற்றையும் பனி விழுங்கியிருந்தது. அறைக்குள்ளேயே போர்வை நசநசவென்று இருந்தது. ஏழு மணிக்குச் சடையன் செட்டுக்கு முன்னால் உட்காரப் போனார். காசிநாதன் அவரைக் கையமர்த்திவிட்டுத் தானே உட்கார்ந்தார். மலைக்காரன் கை வேண்டாம், மெக்கானிக் கையே பேசட்டும் என்று அவருக்கு எண்ணம்.

"கள்ளக்குறிச்சி, கள்ளக்குறிச்சி, நெல்லிமேடு பேசுறேன். கேக்குதா, ஓவர்."

கீழே இருந்து தெய்வசிகாமணியின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலத் தெளிவாக வந்தது. "நெல்லிமேடு, நெல்லிமேடு, இருக்கீங்களா. ஒண்ணும் காணமே. சடையா, பித்தான ஒழுங்கா அழுத்துய்யா."

காசிநாதன் பித்தானை ஒழுங்காக அழுத்தினார். கட்டை விரல் வெளுக்கும்படி அழுத்தினார். எட்டுத் தடவை கூப்பிட்டார். கீழே இருந்து, "இன்னிக்கும் அதே கதைதான். இந்தாள வெச்சுக்கினு இன்னா பண்றது" என்று யாரிடமோ சொல்வது கேட்டது. அப்புறம் அந்தப் பக்கம் மூடிவிட்டார்கள்.

எழில்மதிதான் வாயைத் திறந்தாள்.

"இது யாரு கைக்கோளாறு சார்?"

காசிநாதனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவருக்குள் இன்னொன்றும் விழித்துக்கொண்டது, அதையும் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வருஷத்தில் அவருக்கு அடங்காத செட் ஒன்று இருந்ததில்லை. இது எதிரில் உட்கார்ந்துகொண்டு சவால் விடுகிறது. கோபத்தை விட ஆசைதான் அதிகமாக இருந்தது. ஏரியலைக் கழற்றிவிட்டுச் சுமையை மாட்டி முள்ளைப் பார்த்தார். ஏழு வோல்ட்.

நேற்று இருபத்திரண்டு, இன்று ஏழு. வோல்ட் மூன்றில் ஒரு பங்கானால் பலம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும்; பத்து வாட் இருந்த இடத்தில் ஒரு வாட். ஏரியல் கம்பியில் ஈரம் ஏறியிருக்குமோ என்றுதான் முதலில் நினைத்திருந்தார். ஏரியலே இப்போது இணைப்பில் இல்லையே. அப்படியானால் குறை பெட்டிக்குள்தான்.

"மொத பஸ் வந்துதாய்யா?" என்று கேட்டார்.

"வரல சார். அணைக்கட்டுகிட்டயும் மூணாவது வளைவுலயும் புளியமரத்த அறுத்து ரோட்டுல போட்டுட்டாங்களாம். ஒரு வாரம் ஒண்ணும் வராதுன்னு நடந்து வந்தவங்க சொன்னாங்க."

ராஜாங்கத்தின் வேலை அது. காசிநாதன் மனசுக்குள் அவனை இரண்டு திட்டு திட்டினார். ஆனால் நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு நன்றிதான் சொல்லியிருக்க வேண்டும். பஸ் வந்திருந்தால் பெட்டியை மறுபடி கள்ளக்குறிச்சி வெயிலுக்குத்தான் கொண்டுபோயிருப்பார், அது மறுபடி இருபத்திரண்டு காட்டியிருக்கும், அவரும் மறுபடி கையெழுத்துப் போட்டிருப்பார்.

போக வழி இல்லாததால் உட்கார்ந்து பார்த்தார். பாட்டரியை அளந்தார். பித்தானை அழுத்தும்போதும் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பாட்டரி நல்லது. கம்பிகளை ஒவ்வொன்றாக ஆட்டினார். பல் மாதிரி எதுவும் ஆடவில்லை. போர்டில் முதல் கட்டம் சரியாக இருந்தது. அதற்கு அடுத்த கட்டம்தான் சோம்பேறியாக இருந்தது. எவ்வளவு தள்ள வேண்டும் என்று அதற்குச் சொல்கிற கட்டுப்பாட்டுக் கோடு ஒன்று போர்டில் செம்புத் தடமாக ஓடும். அதில் ஆறு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. ஆக, யாரோ அந்தக் கட்டத்தின் காதில் "போதும், மெதுவா தள்ளு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி.

எட்டரைக்குப் பனி லேசாக விலகியது. முள் ஒன்பதுக்கு வந்தது. காசிநாதன் எதையும் தொடவில்லை. ஒன்பதே காலுக்குப் பதினொன்று. வெயில் ஜன்னல் வழியாக மேஜைக்கு வந்தபோது பதினான்கு. அவர் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு மணிக்கு முள் தானாக இருபத்திரண்டில் போய் உட்கார்ந்தது. சரிசெய்ய யாரும் இல்லை, ஆனால் சரியாகிவிட்டது.

"அந்த நோட்ட எடுத்துக்கினு வா," என்றார்.

சடையன் கொண்டுவந்தார். கோணல்மாணலான எழுத்தில் தேதி வாரியாக எழுதியிருந்தது. பனி, கேக்கல. வெயில், கேட்டுது. மழை, கேக்கல. தூறல், பாதி கேட்டுது. பத்து மாதத்துக்கு ஒரு நாள் விடாமல். காசிநாதன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். காசு வாங்கிக்கொண்டு மூன்று தடவை அவர் பார்த்த வேலையை விட இது ஒழுங்கான வேலை. அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நோட்டை மூடாமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"இத ஏன்யா முன்னாடியே காட்டல?"

"ரெண்டாம் தபா செட்டு எடுத்தாந்தப்பவே காட்டினேனே சார். கடைல கூட்டமா இருந்துது. கீழ வைய்யான்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பார். காசிநாதனுக்கு நினைவில்லை, ஆனால் தன் குரலில் அது எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கே கேட்டது.

ஆக, ஈரம் எங்கேயோ போர்டில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் எந்த இடம்? உள்ளங்கை அகல போர்டில் நூறு பொருள் இருக்கிறது. பனியில் எல்லாமே ஈரம், வெயிலில் எல்லாமே காய்ந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் எப்படித் தனியாக நனைப்பது? வெள்ளிக்கிழமை காலை முழுவதும் அதையே யோசித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். மத்தியானம் சமையலறையில் சடையன் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். சாமைச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. காசிநாதன் வாசலில் நின்று பார்த்தார். ஊதாங்குழல் ஒரு தணலைக் குறிவைத்தால் அந்தத் தணல் மட்டும் சிவந்தது, பக்கத்துத் தணல் அப்படியே கிடந்தது.

"சடையா, அந்தக் குழலக் கழுவிட்டு எடுத்துக்கினு வா."

"சோறு கொதிக்குது சார்."

"சோறு கெடக்கட்டும், வா."

வாயிலிருந்து வருகிற மூச்சில் ஈரம் இருக்கிறது. கண்ணாடியில் ஊதினால் பனி பிடிக்கிறதே, அது போதும். முள் இருபத்திரண்டில் இருந்தது. சடையன் குழலை வாயில் வைத்துக்கொண்டு போர்டின் ஒரு மூலையிலிருந்து ஒவ்வோர் இடமாக மெதுவாக ஊத வேண்டும், காசிநாதன் பித்தானை அழுத்திக்கொண்டு முள்ளைப் பார்க்க வேண்டும். எழில்மதியும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றுகொண்டாள். அவளுக்குப் பொறுக்குமா?

முதல் மூலையில் ஊதினார், முள் அசையவில்லை. இரண்டாவது இடத்திலும் அசையவில்லை. காயில்கள், டிரான்சிஸ்டர்கள், கிரிஸ்டல் என்று ஒவ்வொன்றாகப் போனது. சடையன் அவசரப்படவில்லை. ஓர் இடத்தில் ஊதி, காய விட்டு, அடுத்த இடத்துக்குப் போனார். இடது பக்க ஓரத்தில் காலியாக இருந்த ஒரு சின்ன இடத்தில் ஊதியதும் முள் சரசரவென்று சரிந்தது. இருபது, பதினாறு, பன்னிரண்டு.

"நிறுத்து," என்றார் காசிநாதன். சடையன் நிறுத்தினார். முள் மெல்ல ஏறியது. "மறுபடி." மறுபடி சரிந்தது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காசிநாதனுக்கு அப்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அவருக்குக் கல்யாணத்தன்று கூட அவ்வளவு வந்ததா என்பது சந்தேகம்.

அந்த இடத்தில் பொருள் எதுவும் இல்லை. கட்டுப்பாட்டுக் கோடும் அதன் பக்கத்தில் இன்னொரு கோடும் ஒட்டினாற்போல ஓடின. அவற்றின் மேல் பழுப்பு மஞ்சளாக ஒரு கறை. மூன்று தடவையும் காசிநாதன் அதைப் பார்த்திருக்கிறார். பற்றவைக்கும்போது ஈயத்தோடு போடுகிற பசை உருகிக் காய்ந்தால் இதே நிறத்தில்தான் இருக்கும். எல்லா போர்டிலும் கிடக்கும், ஒரு கெடுதலும் செய்யாது. அதனால் மூன்று தடவையும் விட்டுவிட்டார். இப்போது அதை எடுத்துவிடலாம் என்று ஈயம் பற்றவைக்கிற கோலைச் சூடாக்கி நுனியால் லேசாகத் தொட்டார்.

பசை தீய்ந்தால் மூக்கை எரிக்கும் ஒரு நெடி வரும். வந்தது அது இல்லை.

"இன்னா சார், கோயில் வாசன வருது?" என்றாள் எழில்மதி.

சந்தனம். காசிநாதன் கையை எடுத்துவிட்டார். கறையின் நடுவில் சுரண்டிப் பார்த்தார். வெளிறிப்போன சிவப்பு ஒரு பொட்டளவு இருந்தது. குங்குமம். காய்ந்திருக்கும் வரை அது சும்மா கிடக்கிறது. பனியைக் குடித்தால் ஊறி, ஒரு கோட்டிலிருந்து பக்கத்துக் கோட்டுக்குப் பாலம் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது.

"இத யாரு வெச்சது?" என்று கேட்டார். கேட்ட குரலில் பழைய அதட்டல் இருந்தது. "ஆயுத பூசைக்கு இங்க யாராவது பொட்டு வெச்சீங்களா?"

"நான் போன ஆயுத பூசைக்கு லீவுல சின்னசேலம் போய்ட்டேன்," என்றாள் எழில்மதி. "இங்க அந்தப் பழக்கமே இல்ல. அப்ப செட்டும் இங்க இல்லியே சார். வருஷ சர்வீசுக்குன்னு உங்க கடைக்குதான அனுப்பிச்சோம்."

அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கும் அது என்னவென்று புரிந்தது.

காசிநாதனுக்கு அந்த நாள் அப்படியே வந்தது. கடையைக் கழுவிவிட்டு, மீட்டர் முதல் திருப்புளி வரை எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்து, மோதிர விரலால் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். மேஜையில் மூடி கழற்றிய செட் ஒன்று இருந்தது. அது வாடிக்கையாளருடையதாக இருந்தால் என்ன, அதுவும் தொழில்தானே, சோறு போடுவதுதானே. பொருள் இருக்கும் இடத்தில் வைத்தால் கெட்டுவிடும் என்று யோசித்து, காலி இடமாகப் பார்த்துத்தான் வைத்தார். பக்தியோடு, ஜாக்கிரதையாக.

காசிநாதன் எழில்மதியிடம் ஸ்பிரிட் வாங்கிப் பஞ்சில் நனைத்துக் கறை போகத் துடைத்தார். பழைய பல்துலக்கியால் தேய்த்தார். வெயிலில் காய வைத்தார். சடையன் ஊதாங்குழலால் ஐந்து நிமிஷம் ஊதினார். முள் இருபத்திரண்டை விட்டு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை முந்தைய நாட்களை விடப் பனி கெட்டியாக இருந்தது. எழில்மதி செட்டின் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினாள்.

"ஈரம் ஏறிடுச்சு, தொடச்சிட்டேன்னு சொல்லிடுங்க சார். அதுவே போதும். அறக்கட்டள வேலைய நம்பிதான உங்க கடையே ஓடுது."

காசிநாதனும் ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசித்திருந்தார். ஈரம் என்பது பொய்யில்லையே. ஏழு மணிக்குப் பித்தானை அழுத்தினார்.

"கள்ளக்குறிச்சி, நெல்லிமேடு பேசுறேன். ஓவர்."

"அடேயப்பா," என்றார் தெய்வசிகாமணி. "பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்குதே. இன்னா கோளாறு? ஓவர்."

"போர்டுல ஈரங்க. தொடச்சாச்சு. ஆப்பரேட்டர் மேல தப்பு இல்ல. ஓவர்."

"ஈரம் எப்படிங்க உள்ள போவும்? மூடியத் தொறந்து போட்டுட்டு எங்கியாவது சுத்திக்கினு இருந்திருப்பான். நீங்க பாவம் பாத்து சொல்றீங்க. அந்தத் தாள்ல கையெழுத்து போட்டு வையுங்க, வழி தொறந்ததும் வாங்கிக்கறேன். ஓவர்."

காசிநாதன் திரும்பினார். சடையன் கதவோரம் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது. அவர் முகத்தில் கோபம் கூட இல்லை. பத்து மாதமாகக் கேட்டதைத்தான் மறுபடி கேட்டார். காசிநாதன் அந்த முகத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். வெட்கம்தான், வேறொன்றுமில்லை. பித்தானை அழுத்தினார்.

"அவரு தொடலைங்க. நான்தான் வெச்சேன். போன ஆயுத பூசைக்கு செட்டு என் கடைல இருந்துது. போர்டுல சந்தனப் பொட்டு வெச்சிட்டேன். பனில அது ஊறி வோல்ட்ட எறக்கிடுச்சு. மூணு தபா என் மேஜைல வெச்சுப் பாத்தும் எனக்குத் தெரியல. அவரு பத்து மாசமா எழுதி வெச்சத நான் படிக்கல. ஜீப்பு வராததும் என்னாலதான். ஓவர்."

செட்டில் ஒரு கணம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு, "மறுபடி சொல்லுங்க. ஓவர்" என்றார் தெய்வசிகாமணி.

"கேக்கலீங்களா? ஓவர்."

"கேட்டுது. நல்லா கேட்டுது. இருந்தாலும் சொல்லுங்க. இங்க ஆபீசுல நாலு பேரு இருக்காங்க, அவங்களும் கேக்கட்டும். ஓவர்."

காசிநாதன் மறுபடி சொன்னார். முதல் தடவையை விட மெதுவாக, ஒரு வார்த்தையும் விடாமல். முடித்ததும் கீழே இருந்து ஒரு பெருமூச்சு வந்தது. சடையன் வேலையில் இருக்கட்டும், கடை விஷயத்தைக் கீழே வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி மூடிவிட்டார். கடை விஷயம் எப்படி முடியும் என்று காசிநாதனுக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

"சார்," என்றார் சடையன். "கள்ளக்குறிச்சிக்குக் கேட்டுது. இங்க இருக்கறவங்களுக்கு?"

"புரியல."

"ஊருல சொல்லணுமே சார். நான் போய் சொன்னா நம்ப மாட்டாங்க. ஜெயம்மா வூடு அதோ, பத்து எட்டுதான். ரெண்டு மாசமா எம்மொகத்தப் பாத்தா கதவ சாத்திக்குது. நீங்க ஒரு தபா வந்து சொல்லிடுங்க."

பதினைந்து மைலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவரிடம் பித்தானை அழுத்திக்கொண்டு சொல்லிவிடலாம். அவர் முகம் தெரியாது. பத்து எட்டில் இருக்கிறவளிடம் போய் நின்று சொல்வது வேறு. காசிநாதன் ஒரு நிமிஷம் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டே இருந்தார். பிறகு, "வாங்க, போலாம்" என்றார். சடையனை அவர் வாங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பனியில் முன்னால் சடையன் போனார், பின்னால் காசிநாதன். மண் சுவர், தாழ்ந்த கூரை. உள்ளே தூளி ஆடிக்கொண்டிருந்தது. ஜெயம்மாள் வாசல்படியில் வந்து நின்றாள். கதவைச் சாத்தக் கையெடுத்தவள், பின்னால் வேற்றாள் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

காசிநாதன் சொன்னார். சந்தனம், பனி, வோல்ட் என்றெல்லாம் ஆரம்பித்துவிட்டு, அதெல்லாம் இவளுக்கு எதற்கு என்று தோன்றி நிறுத்தினார். "அன்னிக்கு உங்கண்ணன் கூப்புட்டுது கேக்காமப் போனதுக்கு நான்தாம்மா காரணம். அவரு ஒண்ணும் பண்ணல. என் தப்ப அவரு தலைல எழுதிட்டேன்," என்றார்.

ஜெயம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பார்வையைத் திருப்பிச் சடையனிடம், "அண்ணே, பனில இன்னா நின்னுக்கினு இருக்க. உள்ள வா. புள்ளயத்தான் நீ இன்னும் பாக்கவே இல்லியே," என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது.

சடையன் குனிந்து உள்ளே போனார். தூளி நின்றது. காசிநாதன் வாசலிலேயே நின்றார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, அதுவும் நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது.